மாட்டுக் கொட்டகையில் ஒரு புல்லட்

இந்தப் பக்கத்தில் வடாம் பிழிவது, மாமியாரைச் சமாளிப்பது, பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வது என்று எவ்வளவோ படித்திருக்கிறேன். நான் எழுதப் போவது பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துச் சரி செய்த கதை. சிரிக்காதீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள். ஒரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஸ்பேனர் எது, ஸ்க்ரூ டிரைவர் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். வீட்டுக்காரர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர், ஆனால் ஒன்பது வருஷமாகக் குடி. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆலை விட்டால் நேராகக் கடை, அப்புறம்தான் வீடு. அடி, உதை எதுவும் கிடையாது. சாப்பிடாமல் திண்ணையில் சுருண்டு விடுவார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மரத்தே போய்விட்டது.

2024 ஜூன் மாதம் எங்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்த விஷம் கண்ணையும் தாக்குமாம். இவர் குடித்தது அந்தச் சாராயம் இல்லை, கடைச் சரக்குதான். ஆனால் இவருக்குத் தெரிந்த ஒருத்தர் அந்த வாரம் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போய் வந்தவர் வாசலில் உட்கார்ந்து, "எனக்கும் அவனுக்கும் என்னா வித்தியாசம்? காசு இருந்தா கடை, இல்லன்னா பாக்கெட்டு. அவ்ளோதான" என்றார். மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒன்று சொல்லிக் கொள்கிறேன். பல வருஷமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை உதறும், சில பேருக்கு வலிப்பே வரும். அதனால் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே பத்து நாள் வைத்திருந்து மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து ஒம்பது மணி வரைக்கும்தாம்மா கஷ்டம். அந்த நேரம் கைக்கு ஏதாவது வேலை இருக்கணும்" என்றார்.

என்ன வேலை கொடுப்பது? பூ கட்டச் சொல்ல முடியுமா? ஒரு வாரம் மனுஷர் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய இரும்புக்காரர் வந்தார். எங்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில், மாமனாருடைய புல்லட் சாக்குப் பையை மூடிக் கொண்டு நின்றது. 1986-ம் வருஷத்து வண்டி. மாமனார் 2011-ல் தவறினார். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. கோழி முட்டை போட்டுக் கொண்டிருந்தது அதன் சீட்டில். இரும்புக்காரர் 8,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். "குடுத்துடலாமா?" என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம், "அப்பா இதுல என்னை முன்னாடி டேங்கு மேல உட்கார வச்சி வெள்ளிமலை வரைக்கும் போவாரு" என்றார். இரும்புக்காரரை அனுப்பிவிட்டேன்.

மாமனார் கல்வராயன் மலையில் புளி, கடுக்காய், தேன், சாமை வாங்கி வந்து கீழே விற்றவர். கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறி, மலையாளி மக்களின் ஊர் ஊராகப் போவார். (மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, அந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். பேசுவது தமிழ்தான்.) புளி மூட்டையை இரண்டு பக்கமும் கட்டிக் கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்க இந்த வண்டியால்தான் முடியும் என்பாராம்.

அன்று ராத்திரி ஒரு ஏற்பாடு செய்தோம். குடிக்காத ஒவ்வொரு நாளும், குடித்திருந்தால் செலவாகியிருக்கும் 200 ரூபாயை அவரே என் கையில் கொடுக்க வேண்டும். அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும். வண்டிக்கு ஆகும் செலவு பாட்டிலிலிருந்துதான். சீட்டுப் பணத்தையோ என் தோட்டையோ தொடக் கூடாது. பாட்டிலில் பணம் இல்லையென்றால் வேலை நிற்கும்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தோம். என்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க அவர் கிக்கரை ஏறி மிதித்தார். அசையவே இல்லை. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக் கொண்டிருக்கிறது. இன்னும் பலமாக மிதித்திருந்தால் கிக்கரின் பல்லே போயிருக்கும். தெருக்கோடியில் ஒரு பாய் இருக்கிறார். எழுபது வயது, அந்தக் காலத்து மெக்கானிக், இப்போது கடை இல்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தவர், "அவசரப்படாதம்மா. பதிமூணு வருஷம் தூங்கினவனை ஒதைச்சா எழுப்புவ?" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றச் சொன்னார். தினம் கொஞ்சம் ஊற்றி வைத்தோம். ஒன்பதாம் நாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அசைந்துவிட்டது! இவர் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு. அன்றைக்கு மணி எட்டே முக்கால். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பிரிக்கிற வேலை. பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எதை எங்கே எடுத்தோமோ அங்கே வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு, ஆண்களுக்கு இல்லை. (கோபித்துக் கொள்ளாதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன்.) ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்னால் மகள் செல்போனில் படம் எடுத்தாள். கழற்றிய திருகாணிகளை என் பழைய அஞ்சறைப் பெட்டியில் போட்டேன். கடுகுக் குழியில் கார்புரேட்டர் திருகு, சீரகக் குழியில் பாயிண்ட் திருகு. வாஷரெல்லாம் பழைய இட்லித் தட்டில். மூடிகளில் மகன் ஸ்டிக்கர் ஒட்டி எழுதினான். பாய் அதைப் பார்த்துவிட்டு, "என் கடையில இப்படி ஒரு பையன் இருந்திருந்தா நான் பணக்காரனாயிருப்பேன்" என்றார்.

என்ஜின் ஆயிலைத் திறந்தால் வருஷத்துப் புளி மாதிரி கறுப்பாகக் கட்டியாக வந்தது. இந்த வண்டியில் என்ஜினுக்கு, கிளட்ச் பெட்டிக்கு, கியர் பெட்டிக்கு என்று மூன்று இடத்திலும் எண்ணெய் தனித்தனி. ஒன்றை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் மற்ற இரண்டும் கெடுக்கும்.

பெட்ரோல் டேங்க்தான் என் பொறுப்பு. உள்ளே முழுக்கத் துரு. முதலில் யாரோ சொன்னதைக் கேட்டு மண்ணெண்ணெயும் சல்லிக் கல்லும் போட்டுக் குலுக்கினோம். கை வலித்ததுதான் மிச்சம், கல் இரண்டு உள்ளே மாட்டிக் கொண்டு வெளியே வர நாலு நாள். அப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, களிம்பைக் கரைப்பது அந்தப் புளிப்புதானே? மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு நூறு கிராம் கணக்கில் கரைத்து, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, டேங்க் நிறைய ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் கொட்டினால் காப்பி டிகாக்ஷன் மாதிரி துரு கரைந்து வந்தது. இரண்டாவது தடவைக்கு உள்ளே வெள்ளைத் தகடு தெரிந்தது. உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலச வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு தகட்டையே தின்னும். பிறகு நல்ல வெயிலில் காயவைத்து, கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வைத்தேன். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு பூக்கும்.

ஜாக்கிரதையும் சொல்ல வேண்டும். டேங்கில் ஓட்டை இருக்கிறதென்று அப்படியே வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். காலி டேங்க் என்றாலும் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். எங்கள் அத்தை வெள்ளிக்கிழமை தோறும் கொட்டகையில் விளக்கு வைப்பார். பெட்ரோலைத் திறந்த அன்றிலிருந்து அதை மாட்டின் பக்கம் மாற்றச் சொல்லி, அதற்கு இரண்டு நாள் முகம் தூக்கிக் கொண்டிருந்தார். பழைய பிரேக் கட்டையின் தூசியையும் ஊதித் தட்டக் கூடாது, அந்தக் காலத்துக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

நடுவில் ஒருவர் எங்களை ஏமாற்றினார். டவுனில் ஒரு கடையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். எங்களுடையதில் ஓரத்தில் ஒரு நசுங்கல் உண்டு, இதில் இல்லை. மகளின் செல்போன் படத்தைக் காட்டியதும் உள்ளே போய் எங்களுடையதைக் கொண்டு வந்து கொடுத்தார், "மாறிப் போச்சும்மா" என்று. மாறிப் போகுமாம்! பழைய புல்லட் சாமான்களுக்கு நல்ல விலை இருக்கிறது, சகோதரிகளே. எதைக் கொடுத்தாலும் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த விலைக்குக் காரணத்தைப் பாய்தான் சொன்னார். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று ஆரம்பித்து, சென்னை திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் சாமான்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே ஆனது. பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப் போக, 1977-ல் நம்ம ஊர் வண்டி அந்த நாட்டுக்கே விற்பனைக்குப் போனதாம். பெண் கொடுத்த வீட்டுக்கே சீர் போன மாதிரி! எங்கள் வண்டியும் திருவொற்றியூர்ப் பிள்ளைதான். 346 சி.சி., இரும்பு என்ஜின்.

பிஸ்டன் இறங்குகிற சிலிண்டரில் துருப்பள்ளம் விழுந்திருந்ததால் லேத்தில் போரிங் போட்டு, அளவு கூடிய பிஸ்டன் வாங்க வேண்டியதாயிற்று. அந்த பில் வந்தது 2025 பொங்கல் சமயம். பாட்டிலில் பணம் போதவில்லை. வேலை நின்றது. கொட்டகையில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. மாட்டுப் பொங்கலன்று ராத்திரி பத்து மணிக்கு வந்தார். வாசலில் நின்றபோதே வாசனை தெரிந்துவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிக் கயிற்றில் கோர்த்துக் கொண்டேன். மூன்று நாள் பேசவில்லை. எட்டு வயது மகன்தான், சாவி கேட்காமல், வெளியே கிடந்த சக்கரத்தை எடுத்து வைத்துக் கொண்டு ஒவ்வொரு ஸ்போக் கம்பியாக உப்புத் தாளால் தேய்த்துக் கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் இவர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பிடித் தேய்ச்சா கம்பி மெலிஞ்சிடும்டா, தா" என்று வாங்கிக் கொண்டார். உள்ளே வந்து 200 ரூபாயை மேசை மேல் வைத்தார். நான் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் திரும்பப் போய் வந்தோம். ஒரு தடவை தவறினால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடக் கூடாது, திரும்ப வாருங்கள் என்றுதான் டாக்டரும் சொன்னார். கூச்சமாக இருப்பவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பெயிண்ட் அடிக்கிற விஷயத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். புல்லட் டேங்கில் தங்க நிறக் கோடு ஒன்று வளைந்து போகும், பார்த்திருப்பீர்கள். அது ஸ்டிக்கர் இல்லை, திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையாலேயே இழுத்த கோடு. பெயிண்ட் கடைக்காரர் அதற்குத் தனியாக 1,200 கேட்டார். "நான் போடுறேன்" என்றேன். முப்பது வருஷமாகக் கோலம் போடுகிற கை. சன்னமான பிரஷ், தங்க எனாமல், சுண்டு விரலைத் தகட்டில் ஊன்றிக் கொண்டு ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். முதல் கோடு வழிந்து ஓடி விட்டது. தின்னர் தொட்டுத் துடைத்தேன். இரண்டாவதும் சரியில்லை. மாவுக்கோலத்தில் மாவு கீழே விழும், இதில் பெயிண்ட் ஒட்டும், அந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. இப்போது வலது பக்கக் கோடு அருமையாக இருக்கிறது. இடது பக்கத்தை உற்றுப் பார்க்காதீர்கள்.

மொத்தச் செலவு 31,000-க்குக் கொஞ்சம் மேலே. போரிங், பிஸ்டன், இரண்டு டயர், ரிம்மும் ஸ்போக்கும், வயரிங், பேட்டரி, கிளட்ச் தகடு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து. பாய் ஒரு பைசா வாங்கவில்லை, தினம் இரண்டு டீ, ரம்ஜானுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தோம். வண்டியைப் பார்த்துவிட்டு சேலத்திலிருந்து ஒருவர் வந்து 90,000 தருகிறேன் என்றார். அத்தைதான் முதலில், "மாட்டை வேணா வித்துக்கலாம்" என்றார்.

ஆர்.சி. புத்தகம் டிரங்குப் பெட்டியில் மாமனாரின் வேட்டிக்கு நடுவில் இருந்தது. முகவரி தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தது. 1993-ல் விழுப்புரமாகி, 2019-ல் கள்ளக்குறிச்சியாகி, நின்ற இடத்திலேயே வண்டி மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் எண் படிவம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியதை நாங்கள் பதினான்கு வருஷம் விட்டதால் வாங்கிக் கட்டிக் கொண்டோம். பதிவைப் புதுப்பிக்க 25-ம் எண் படிவம், அது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. 2022 ஏப்ரலில் இரு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 300-லிருந்து 1,000 ஆனது. 20 வருஷம் கடந்த வண்டிக்கு 2025-ல் 2,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம் வேறு. பெயிண்ட் அடிக்கும்போது சேசிஸ் எண்ணை மறைத்து விடாதீர்கள், இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை ஊற வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் குழாயை மாற்றிவிட்டோம். டேங்கில் பெட்ரோலை மாதக் கணக்கில் தேக்கி வைப்பதும் இல்லை.

ஸ்டார்ட் செய்வது ஒரு கலை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் மீட்டரில் முள் ஒரு பக்கம் சாயும். அது நடுவுக்கு வந்து நின்றதும், டீகம்ப்ரஷர் என்ற சின்னக் கொக்கியை இழுத்துப் பிடித்துக் கொண்டு இன்னும் துளி அழுத்தி, கொக்கியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் ஒரே மிதி. அவசரப்பட்டால் திருப்பி அடிக்கும். இவருக்குக் கணுக்கால் வீங்கி இரண்டு நாள் நொச்சி ஒத்தடம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதை மறந்து, முதல் நாளே துவைக்கிற கல்லில் போய் முட்டினார்.

2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்வரை 'டுப் டுப்' என்று ராஜா மாதிரி போனது. பாதி மலையில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்து நின்றுவிட்டது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கேபிளைச் சரி செய்யப் பெட்டியைத் திறந்தார். இருட்டிக் கொண்டு வந்தது. நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். புளி மூட்டையோடு போன ஒரு பெரியவர் நின்று பார்த்து, "இந்த வண்டிக்கு அந்தக் காலத்துல ஒருத்தர் வருவாரு, தராசு சரியா பிடிப்பாரு" என்றார். இவர் தலை நிமிரவில்லை. "அவரு எங்கப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நட்டை இறுக்கினார். மணி ஏழு இருக்கும்.

வண்டி அடியில் இன்னும் ஆயில் சொட்டுகிறது. எவ்வளவு கேஸ்கெட் மாற்றினாலும் இந்த இரும்பு என்ஜின் சொட்டத்தான் செய்யும் என்கிறார் பாய். கீழே ஒரு பழைய இட்லித் தட்டை வைத்திருக்கிறேன். 1986 வண்டிக்குப் பொருந்துகிற டூல் பெட்டி மூடி, இடது பக்கத்தது, யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் சகோதரிகளே. பாட்டிலில் இப்போது 2,400 ரூபாய் இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கள்ளக்குறிச்சி.